துக்க நாளும் வருகைப் பதிவேடும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மலர்க்குழு அன்பர்கள் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். நாராயணவனத்துக்காரன் ஆயிற்றே, ஆகாசராசன் மகள் பத்மாவதியின் திருமணம், கல்யாண வேங்கடேசர் கோயில், அருணா நதி என்று ஏதேனும் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை கல்யாணத்தை விட்டுச் சாவைப் பற்றி எழுதுகிறேன். மங்கலமான மலரில் இது என்ன பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். திருமண ஊர் என்று பேர் பெற்ற எங்கள் ஊரிலேயே சுரைக்காய்ச் சித்தரின் சமாதியும் இருக்கிறது. இரண்டையும் கும்பிட்டுவிட்டுத்தான் ஜனங்கள் போகிறார்கள்.

நான் நூல் வியாபாரி. நெசவாளருக்கு நூல் விற்றுப் பிழைத்தவன். மிச்ச நேரத்தில் வேறு நூல்களைப் படித்தவன். பி.காம். முடித்ததோடு சரி, வரலாற்றுக்கென்று பட்டம் எதுவும் இல்லை. பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

இதை எழுதத் தூண்டியவள் எங்கள் தெருவில் தறி போடுகிறவரின் மகள். ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 2025 செப்டம்பரில் அவள் அம்மா தவறிப்போனார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது 8 நாள், இறந்த பிறகு 19 நாள், ஆக 27 வேலை நாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. மூத்த பெண். காரியம் முடிகிற வரைக்கும் வீட்டில் இருந்தாக வேண்டும். முடிந்த பிறகும் தம்பிக்கும் அப்பாவுக்கும் சோறு பொங்க ஒரு ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்தப் பருவத்துக்கு 90 வேலை நாள். 63 நாள் வந்திருக்கிறாள். 70 விழுக்காடு. 75 வேண்டும்.

ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தாள். "தாத்தா, இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் இல்லையே தாத்தா, அம்மாதானே செத்துப் போச்சு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதே பேச்சை 1978-இல் நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். படிக்கிற பிள்ளை வீட்டில் சாவு விழுந்தால் படிப்பின் கணக்கு என்ன ஆக வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் என்ன விடை வைத்திருந்தார்கள், அந்த விடை எங்கே தொலைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஏட்டில் இருந்த விதி

குருகுலக் கல்வியில் "அனத்தியயனம்" என்று ஒரு சொல் உண்டு. ஓதாத நாள் என்பது பொருள். பிரதமை, அட்டமி போன்ற திதிகளில் வேத பாடசாலைகளில் பாடம் இல்லை என்பது பலருக்கும் தெரியும். சாவுக்கும் அப்படி நாள் ஒதுக்கியிருந்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தையது எனக் கருதப்படும் ஆபஸ்தம்ப தர்மசூத்திரம் இதைப் பட்டியலே போட்டுச் சொல்கிறது. தாய், தந்தை, ஆசிரியர் ஆகிய மூவரில் ஒருவர் இறந்தால் 12 நாள் ஓதுதல் இல்லை. நெருங்கிய பிற உறவினர் இறந்தால் 3 நாள் இல்லை. உறவின் நெருக்கத்தைப் பார்த்து நாளை நிர்ணயித்த முறை இது.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் இன்னொரு விதத்தில் சொல்கிறது. பிரமசரிய விரதத்தில் இருக்கும் மாணவன் சாவுச் சடங்குகளில் கலந்துகொள்வதில்லை. ஆனால் தன் ஆசாரியர், உபாத்தியாயர், தந்தை, தாய், குரு ஆகியோரின் உடலைச் சுமந்து சென்றால் அவன் விரதம் கெடாது. இன்றைய பாஷையில் சொன்னால், இன்னின்னார் சாவுக்குப் போனால் உன் வருகை குறையாது என்று பெயர் சொல்லி எழுதி வைத்த விதி.

இந்த நூல்களைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ நான் வரவில்லை. அதே ஐந்தாம் அத்தியாயம்தான் தீட்டு நாளைச் சாதி பார்த்து 10, 12, 15, 30 என்று பிரிக்கிறது. பிறப்பைப் பார்த்து நாள் ஒதுக்கிய கணக்கு நமக்கு வேண்டாம். இறந்தவர் யார் என்று பார்த்து நாள் ஒதுக்கிய கணக்கு மட்டும் சிந்திக்கத்தக்கது.

எங்கள் சமண சமயத்திலும் இதற்கு இணையான கருத்து உண்டு. "அசுவாத்தியாயம்" என்பார்கள். சுவேதாம்பர ஆகமங்களில் ஒன்றான ஸ்தானாங்க சூத்திரம், ஆகமம் வாசிக்கக் கூடாத நிலைமைகளைப் பத்துப் பத்தாக அடுக்குகிறது. துறவியர் தங்கியுள்ள இடத்தில் பிணம் இருந்தால் வாசிப்பு இல்லை. நாட்டில் பெரியவர் ஒருவர் மறைந்தால் வாசிப்பு இல்லை. சுடுகாட்டுக்கு அருகில் வாசிப்பு இல்லை. கிரகண காலமும் இதே பட்டியலில்தான் வருகிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த விதிகளில் எதுவும் மாணவனைப் பார்த்து "நீ ஏன் வரவில்லை?" என்று கேட்கவில்லை. "இன்று ஓதும் நாள் அன்று" என்று சொல்கின்றன. கிரகணத்துக்கு மாணவன் எப்படிப் பொறுப்பில்லையோ, அப்படியே சாவுக்கும் பொறுப்பில்லை. கணக்கிலிருந்து கழிக்கப்படுவது நாள், மாணவன் அல்லன். இந்த ஒன்றை மட்டும் அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்பி வருவேன்.

கல்லில் இருந்த கணக்கு

இவை வெறும் ஏட்டுப் பேச்சா, இந்தப் பக்கத்தில் முறையான கல்விச் சாலைகள் இருந்தனவா என்று கேட்கலாம். இருந்தன. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையில் 95 மாணவர்க்கு இடம் இருந்தது; அதில் 36 இடம் தைத்திரீய சாகையினருக்கு. ஆபஸ்தம்பர் அந்தச் சாகையைச் சேர்ந்தவர்தாம். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டில் 340 மாணவர், 14 ஆசிரியர். இளைய மாணவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல் அளந்தார்கள். வந்தவாசிப் பக்கத்து விடாலில் கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியருக்கு ஐந்நூறு பிள்ளைகள் இருந்ததை முதலாம் ஆதித்தன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. என் முன்னோர் ஊர் அந்த வட்டாரம் என்பதால் இதைக் கொஞ்சம் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

நாள் எண்ணுவது நமக்குப் புதிதல்ல என்று காட்டவே இதைச் சொல்கிறேன். சாவையும் நாள் எண்ணிக் கல்லில் வெட்டினவர்கள் நாம். செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்வது. அதே குன்றில் இன்னொரு துறவியின் 30 நாள் நோன்பும் பதிவாகியிருக்கிறது. பெயரும் நாளும் தவிர வேறு புகழ்ச்சி இல்லை. அந்தக் காலத்தில் நாளை எண்ணியது மரியாதைக்காக. கடன்காரன் கணக்கு மாதிரி எண்ணத் தொடங்கியது பிற்காலத்தில்.

1857-க்குப் பிறகு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டின் 27-ஆவது சட்டத்தால் பிறந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் முன்மாதிரி இலண்டன் பல்கலைக்கழகம். பட்டத் தேர்வுக்கு வருகிறவன், அங்கீகாரம் பெற்ற கல்லூரியொன்றில் பாடத்தை முழுமையாகப் பயின்றதாகச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் கூறிற்று. செனட் சபை தனி ஆணை பிறப்பித்தால் இந்தச் சான்று இல்லாமலும் வரலாம் என்று ஒரு சிறு கதவும் அதே பிரிவில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே, 1858-இல், இலண்டன் பல்கலைக்கழகம் இந்தக் கல்லூரிச் சான்று நிபந்தனையைப் பெரும்பாலும் கைவிட்டது. மருத்துவம் போன்றவை தவிர, மற்றப் பட்டங்களுக்கு எங்கே படித்தவனும் வந்து தேர்வு எழுதலாம் என்றாயிற்று. முன்மாதிரி விட்டுவிட்டது, நாம் பிடித்துக்கொண்டோம். சான்று என்பது நாளடைவில் வருகைப் பதிவேடு ஆயிற்று. பதிவேடு விழுக்காடு ஆயிற்று.

குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வகுப்புக்கு வராமல் படிப்பு ஏது? வருகைக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் ஓதாத நாள் என்ற பழைய கருத்து இந்தப் புதுக் கணக்கில் ஞாயிறும் பண்டிகையுமாகச் சுருங்கிப் போயிற்று. தலைவர்கள் மறைந்தால் அரசாங்கம் விடுமுறை விடுகிறது. அந்த நாள் வேலை நாளாகவே எண்ணப்படாது. அதாவது ஸ்தானாங்க சூத்திரத்தில் பெரியவர் மறைவுக்குச் சொன்ன விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. மாணவனுடைய சொந்தத் தாய் மறைந்தால் மட்டும் அந்த விதி செல்லாது.

என் சீட்டு

இனி என் கதை. எங்கள் அப்பா வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாராயணவனத்துக்கு வந்து நூல் கடை வைத்தவர். அப்போது இது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலிலிருந்துதான் திருப்பதி மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாற்றம் நடந்தபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. புத்தூர் வட்டத்தில் ஒரு பகுதியும் போயிற்று. நாராயணவனம் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. ஆகையால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் தொழில் ஒரு மாநிலத்திலும் உறவு ஒரு மாநிலத்திலுமாக ஆயிற்று. நல்லது கெட்டது எதுவானாலும் எல்லை தாண்டித்தான் போக வேண்டும்.

1978 தொடக்கத்தில் நான் ஆந்திரத்தில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சொந்த ஊருக்குப் போயிருந்தார். ஒரு காலையில் தந்தி வந்தது: "பாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி." அந்தக் காலத்து ஆட்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். உயிர் போய்விட்டது என்று யாரும் தந்தியில் எழுத மாட்டார்கள். தனியாகப் பயணம் செய்கிற பிள்ளை வழியில் நொறுங்கிப் போய்விடக் கூடாது என்று "சீரியஸ்" போடுவார்கள். ரேணிகுண்டாவில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் இறங்கி, காஞ்சிபுரம் போய், வந்தவாசி பஸ் பிடித்து, கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எரியூட்டி முடிந்திருந்தது.

அங்கே காரியங்கள். பிறகு நாராயணவனத்தில் கடை. அப்பா யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் பாதி, பேரேட்டில் பாதி. தறிக்காரர்களிடம் வீடு வீடாகப் போய்க் கணக்கு நேர் செய்தேன். கல்லூரிக்குத் திரும்பியபோது 180 வேலை நாளில் 52 நாள் போயிருந்தது. 71 விழுக்காடு.

அலுவலகத்தில் ஒரு எழுத்தர். நல்ல மனுஷர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தந்தியை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொன்னார்: "இதில் சீரியஸ் என்றுதானே இருக்கிறது, இறந்தார் என்று இல்லையே. இருந்தாலும் பிரயோசனம் இல்லை தம்பி. அப்பா செத்ததற்கு விதியில் இடம் இல்லை. உனக்கு மஞ்சள் காமாலை என்று டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வா. கட்டணம் கட்டு. முடிந்தது."

வாங்கினேன். எட்டு நாள் யோசித்தேன், பிறகு வாங்கினேன். ஒரு ஆண்டு வீணானால் அம்மாவும் தங்கைகளும் என்ன ஆவார்கள் என்ற பயம். சமணக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பொய்யாமை ஐந்து அணுவிரதங்களில் ஒன்று. வியாபாரத்தில் நான் நூலின் கழி எண்ணிக்கையில் பொய் சொன்னதில்லை. எழுத்தில் நான் சொன்ன முதல் பொய் என் அப்பாவின் சாவைப் பற்றியது.

இப்போது யோசித்தால் வேறொன்றும் தோன்றுகிறது. கல்வெட்டுகளைப் படிக்கிற பழக்கம் உள்ளவன் என்பதால் சொல்கிறேன். நூறு ஆண்டு கழித்து யாராவது அந்தக் கல்லூரிப் பதிவேட்டை ஆராய்ந்தால், 1978-இல் ஒரு மாணவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது என்று எழுதுவார். அந்தப் பதிவேட்டில் என் அப்பா சாகவே இல்லை. என்னைப் போல் எத்தனை பேருடைய அப்பாவும் அம்மாவும் காய்ச்சலாகவும் காமாலையாகவும் பதிவாகியிருப்பார்களோ! திருநாதர்குன்றில் ஒரு துறவியின் சாவை நாள் தவறாமல் கல்லில் வெட்டி வைத்த நாட்டில் இது நடந்தது.

இன்றைய விதிகள்

ஏறத்தாழ அரை நூற்றாண்டாகிவிட்டதே, மாறியிருக்க வேண்டுமே என்று தேடினேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2003-ஆம் ஆண்டு விதிமுறை, தேர்வு எழுதத் தேவையான வருகையைப் பல்கலைக்கழகங்களே வகுக்கலாம், ஆனால் அது சாதாரணமாக 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றது. பல இடங்களில் 65-க்கும் 75-க்கும் இடைப்பட்டவர்களைக் காரணம் பார்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிக்கிறார்கள். எந்தக் காரணம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. உதாரணத்துக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டு விதித் தொகுப்பைப் பார்த்தேன். நீண்ட ஆஸ்பத்திரி வாசம், விபத்து, குறிப்பிட்ட நோய், விளையாட்டுப் போட்டி என்று காரணங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. மைதானத்துக்குப் போன நாளுக்கு விதியில் பெயர் இருக்கிறது. மயானத்துக்குப் போன நாளுக்கு இல்லை.

எங்கள் பக்கத்துப் புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர் போன ஊர். கால் முறிந்தால் புத்தூர்க் கட்டு. கட்டைக் காட்டினால் கல்லூரியும் நம்பும். மனசு முறிந்தவன் எதைக் காட்டுவான்?

விதிகளை மாற்றவே முடியாது என்பதும் இல்லை. 2021 டிசம்பரில் மானியக் குழு, மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகைச் சலுகையும் தர விதி வகுக்குமாறு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிற்று. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதவிலக்கை முன்னிட்டு மாணவியருக்கு ஒவ்வொரு பருவத்திலும் 2 விழுக்காடு சலுகை அளித்தது. கேரள அரசு உடனே அதை மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. பிறப்புக்கும் உடலுக்கும் விதியில் இடம் கிடைத்துவிட்டது. 2025 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், வருகைக் குறைவை மட்டும் காட்டிச் சட்டக் கல்லூரி மாணவரைத் தேர்வு எழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2016-இல் ஒரு சட்ட மாணவர் தற்கொலை செய்துகொண்டதை ஒட்டி எழுந்த வழக்கு அது. கணக்குக்காக மாணவனா, மாணவனுக்காகக் கணக்கா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2021 மே மாதத்தில் ஆந்திர அரசு 10 இலட்சமும் தமிழக அரசு 5 இலட்சமும் வைப்புத் தொகை அறிவித்தன. நல்ல காரியம். பணம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு நாள் ஒதுக்கவும் தெரிய வேண்டும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் இது பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் பால்க் என்ற பேராசிரியர், எந்த நேரத்தில் எண்ணினாலும் கல்லூரி மாணவரில் 22 முதல் 30 விழுக்காட்டினர், நெருங்கிய ஒருவரைக் கடந்த 12 மாதத்துக்குள் இழந்தவர்களாகவே இருக்கிறார்கள் என்று எழுதினார். பர்டூ பல்கலைக்கழகத்தில் 2006-இல் வெளியான ஆய்வு, சாவு நேர்ந்த பருவத்தில் அந்த மாணவரின் மதிப்பெண் இறங்குவதைக் காட்டியது. அதே பல்கலைக்கழகம் 2011-வாக்கில் மாணவருக்கென்று துக்க விடுப்பு விதி ஒன்றை ஏற்றுக்கொண்டது. பெற்றோர், உடன்பிறந்தார் போன்ற நெருங்கியவர்களுக்குக் கூடுதல் நாள். சற்றே விலகிய உறவுக்குக் குறைந்த நாள். ஆபஸ்தம்பர் போட்ட அதே படி வரிசை! இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள்: ஊர் தூரமாக இருந்தால் பயணத்துக்குத் தனி நாள். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம் வீடுகளில் வேறொரு வழக்கமும் உண்டு. பரீட்சை முடியட்டும், அதுவரை பிள்ளைக்குச் சொல்லாதீர்கள் என்பது. காந்தியடிகள் இலண்டனில் பாரிஸ்டர் படிப்பில் இருந்தபோது தாயார் புத்லிபாய் காலமானார். அண்ணன் அதை மறைத்து வைத்திருந்தார். 1891-இல் பம்பாயில் வந்து இறங்கிய பிறகே காந்திக்குத் தெரிந்தது. அந்தத் துயரத்தோடு போன வீட்டில்தான் சமண ஞானியான ராய்சந்த்பாயை அவர் முதன்முதலாகச் சந்தித்தார். மறைத்தது அன்பினால்தான். இன்றும் தேர்வு மாதங்களில், தந்தையின் உடல் வீட்டில் கிடக்கப் பரீட்சை எழுதிய மாணவி என்று பத்திரிகையில் படம் போட்டுப் பாராட்டுகிறோம். அந்தப் பிள்ளையின் உறுதியை நானும் வணங்குகிறேன். ஆனால் அப்படி ஒரு உறுதியைப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற ஏற்பாட்டை நாம் ஏன் பாராட்ட வேண்டும்?

எதிர்வாதமும் விடையும்

எனக்குத் தெரிந்த கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பேசினேன். சிரித்தார். "ஐயா, எங்க பசங்களுக்கு ஒரே பாட்டி நாலு தடவை சாவாங்க. இதுக்கு லீவு குடுத்தா பாட்டிங்க கதி என்ன?" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி எந்தச் சாவையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். இறப்புச் சான்றிதழ் ஊராட்சியிலும் நகராட்சியிலும் கிடைக்கிறது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோன பின், "சீரியஸ்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் திண்டாட வேண்டியதும் இல்லை. மருத்துவச் சீட்டு வாங்குவதைவிடப் பொய்யான இறப்புச் சான்றிதழ் வாங்குவது எத்தனையோ மடங்கு கடினம். பொய்யைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், இப்போதைய விதிதான் பொய்யை வளர்க்கிறது.

இரண்டாவதாக அவர் சொன்னது இன்னும் கனமானது. "25 விழுக்காடு சலுகை இதுக்கெல்லாம் சேர்த்துத்தானே இருக்கு?" என்றார். உண்மை. 90 நாளில் 22 நாள் வராமல் இருக்கலாம். ஒரு சாவு அதற்குள் அடங்கும். ஆனால் நோயாளிக்கு மட்டும் அதற்கு மேலும் ஒரு 10 விழுக்காடு மன்னிப்பு வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு? சாதாரணச் சலுகை நோய்க்குப் போதாது என்று நீங்களே ஒப்புக்கொண்டதால்தானே? சாவுக்கு மட்டும் போதும் என்று எப்படிச் சொல்வது? அவர் பதில் சொல்லவில்லை. காபி ஆறிப்போவதாகச் சொன்னார்.

ஒரு வியாபாரியின் கணக்கு

இனி, முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன நுட்பத்துக்கு வருகிறேன். சலுகையாக இத்தனை விழுக்காடு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சலுகை என்றாலே தப்பு செய்தவனை மன்னிப்பது போல் ஆகிறது. பழைய விதியைப் போல் அந்த நாள்களை ஓதாத நாள்களாக்கி, மொத்த வேலை நாளிலிருந்தே கழித்துவிடுங்கள் என்கிறேன்.

எங்கள் தெருப் பெண்ணின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 90 நாளில் 63 நாள் வந்தாள், 70 விழுக்காடு. தாய் இறந்ததற்கு ஆபஸ்தம்பர் சொன்ன 12 நாளை மட்டும் கழிப்போம். மொத்தம் 78. வந்தது அதே 63. விழுக்காடு 80-ஐத் தாண்டுகிறது. அவளுக்கு யாருடைய மன்னிப்பும் தேவையில்லை, கட்டணமும் இல்லை, சீட்டும் இல்லை. எந்தச் சாதியானாலும் எந்த மதமானாலும் ஒரே எண். பெற்றோர், உடன்பிறந்தார், கணவன் மனைவி, பெற்ற பிள்ளை ஆகியோருக்கு ஒரு நாள் அளவு. தாத்தா பாட்டி, மாமன் அத்தைக்கு அதில் குறைந்த அளவு. தூரத்துக்கு ஓரிரு நாள். அந்த நாள்களில் நடந்த உள்தேர்வை மறுபடி எழுத ஒரு வாய்ப்பு. அவ்வளவுதான். எண் எத்தனை என்பதைக் கற்றவர்கள் கூடித் தீர்மானிக்கட்டும். விதியில் "இறப்பு" என்ற சொல் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நம் சங்கத்தில் பேராசிரியர்களும், கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்களும் உறுப்பினராக உள்ளார்கள். அவர்கள் தங்கள் கல்விக் குழுக்களில் இதை ஒரு தீர்மானமாக வைக்கலாம். மகப்பேறுக்கும் மாதவிலக்குக்கும் நடந்தது இதற்கும் நடக்கும்.

அந்தப் பெண்ணுக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அம்மா இறந்துவிட்டார், மருத்துவச் சான்று என்னிடம் இல்லை, இறப்புச் சான்றிதழ் இணைத்துள்ளேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். கல்லூரியில் யாரோ நல்ல மனசுக்காரர் அதைப் படித்து ஒப்புக்கொண்டார். டிசம்பரில் கடைக்கு வந்து, "எக்ஸாம் எழுதிட்டேன் தாத்தா" என்று கட்டணம் கட்டிய ரசீதைக் காட்டினாள். சந்தோஷமாக வாங்கிப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் "மெடிக்கல் கிரவுண்ட்ஸ்" என்று அச்சாகியிருந்தது.

"நான் கேட்டேன் தாத்தா. கம்ப்யூட்டர்ல வேற காரணமே இல்லைன்னுட்டாங்க" என்றாள்.

47 ஆண்டில் எழுத்தர் இருந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.